ஹீட்டில் இருக்கும் பெட்டை நாயை நடைக்குக் கூட்டிப்போக

பெட்டை நாய் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்துவிட்டால் கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவதுதான் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். தயவுசெய்து வேண்டாம். 3 வாரம் கட்டிக்கிடந்தால் ஏங்கிப்போகும், கிளுவை வேலியும் ஆண் நாயைத் தடுக்காது. நடை வேண்டும், நேரமும் பாதையும் மாறினால் போதும்.

முதல் ஏழெட்டு நாள், ரத்தம் கசியும்போது, கிட்ட வரும் ஆண் நாயைப் பெரும்பாலும் அதுவே சீறி விரட்டிவிடும். அப்புறம் ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறமாகும், இடுப்புப் பக்கம் கை வைத்தால் வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கும். ரத்தம் நின்றுவிட்டதே என்று பலர் அவிழ்த்துவிடுவது சரியாக இந்தச் சமயத்தில்தான், சினை பிடிப்பதும் இப்போதுதான்! ரத்தம் கண்ட நாளிலிருந்து 3 வாரம், பெண் குறியின் வீக்கம் வடியவில்லை என்றால் 4 வாரம்கூட, கயிறு கையை விட்டுப் போகக்கூடாது. கழுத்துப் பட்டையைப் பின்னுக்கு இழுத்து உருவிக்கொள்ளும், மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் வாங்கிவிடுங்கள்.

தெருநாய்கள் கூட்டமாகச் சுற்றுவது விடியலிலும் அந்தியிலும், ஐப்பசி முதல் மார்கழி வரை கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் வெயிலும் கம்மி, 11 மணி வாக்கில் கிளம்பலாம். சித்திரையில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வாய்க்கால் வரப்பு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சம்பா நடவு, முன்னால் ஒரு நாயும் பின்னால் ஒரு நாயும் வந்துவிட்டால் ஒதுங்க இடமிருக்காது. நாங்கள் எக்ஸ்எல் வண்டியில், ஒருவர் ஓட்ட ஒருவர் பிடித்துக்கொள்ள, ஊரைத் தாண்டி கொள்ளிடக் கரையில் இறக்கித்தான் நடத்துவோம், ஏனென்றால் ஹீட்டில் இருக்கும் நாய் போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே ஆண் நாய்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வாசலில் விட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வண்டி இல்லையா, இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கையில் கம்பு இருக்கட்டும், கல்லெறிய வேண்டாம்.

மீறிச் சேர்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். ஆண் குறியின் அடிப்பக்கம் வீங்கி உள்ளே பூட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் இரண்டுக்கும் காயம். பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக விட்டுவிடும். குட்டி வேண்டாம் என்றால் மறுநாளே மருத்துவரைப் பாருங்கள்.

ஹீட் முடிந்து 2 மாதம் வரை ஒரு கண் இருக்கட்டும். தண்ணீரை மடக்மடக்கென்று குடித்து, சோர்ந்து படுத்து, சீழ் போல வடிந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், உயிருக்கே ஆபத்து. வெளியே வடியாமலும் இருக்கும். அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோய்விடுங்கள்.