ஃப்ளோட் சுவிட்ச் வயரிங்: படகில் ஆள் இல்லாதபோது கைவிடும் தவறுகள்

படகில் ஆள் இருந்தால், பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், தண்ணீர் ஏறுவதை யாராவது கவனித்துவிடுவார்கள். தண்ணீர் ஏறியதும் மிதந்தெழுந்து, அதை வெளியேற்றும் பம்பைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்சைப் பொருத்துவதே ஆள் இல்லாத நேரத்துக்காகத்தான். வயரிங்கில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை. நாம் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எல்லாம் சரியாகவே ஓடும்.

இவற்றில் மோசமானது, ஃப்ளோட் சுவிட்சுக்கு வரும் பாசிட்டிவ் வயரை பேட்டரியிலிருந்து நேராக எடுக்காமல், மெயின் சுவிட்சைத் தாண்டிய பிறகு எடுப்பது. படகைக் கட்டிவிட்டுப் போகும்போது மெயினை அணைப்பது நல்ல பழக்கம். ஆனால் இப்படி வயர் இழுத்திருந்தால், மெயினோடு சேர்ந்து பம்பும் செத்துவிடும். தானியங்கி இணைப்பு பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், அதற்கென்று தனி ஃப்யூஸோடு.

அந்த ஃப்யூஸிலும் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒன்று, அதை எங்கோ டேஷ்போர்டுக்குப் பின்னால் வைப்பது. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏபிஒய்சி, பொதுவாக 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று, அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடுவது. பம்பின் விசிறியில் ஒரு கயிற்றுத் துண்டோ பிளாஸ்டிக்கோ சிக்கினால் மோட்டார் சுற்றாமல் நின்றுவிடும். நின்ற மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சரியான ஃப்யூஸ் அந்த நேரத்தில் போய்விடும். 5 ஆம்பியர் போட வேண்டிய இடத்தில் 20 போட்டிருந்தால் அது போகாது, மோட்டாரும் வயரும்தான் சூடேறி உருகும். அளவைப் பம்பின் கையேட்டில் பார்த்துப் போடுங்கள், ஊகம் வேண்டாம்.

அடுத்தது, கையால் இயக்கும் சுவிட்சை ஃப்ளோட் சுவிட்சோடு ஒரே வரிசையில் கோப்பது. அப்படிச் செய்தால் இரண்டில் எது பழுதானாலும் பம்ப் ஓடாது. பம்பின் பாசிட்டிவ் முனைக்கு இரண்டு வழி வர வேண்டும்: ஒன்று ஃப்ளோட் வழியாக, மற்றொன்று கையால் இயக்கும் சுவிட்சிலிருந்து நேராக. ஃப்ளோட் மாட்டிக்கொண்டாலும் கையால் பம்பை ஓட்ட முடியும்.

ஃப்ளோட் சுவிட்சை நெகட்டிவ் பக்கம் வைப்பவர்களும் உண்டு. பம்ப் என்னவோ ஓடும். ஆனால் அது நின்றிருக்கும்போதும் பம்ப் வயரில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். இன்சுலேஷனில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், பில்ஜ் தண்ணீர் வழியாக மின்சாரம் கசிந்து உலோகப் பாகங்களை அரித்துத் தின்னும், பேட்டரியும் இறங்கும். சுவிட்ச் எப்போதும் பாசிட்டிவ் பக்கம்தான்.

அப்புறம் இணைப்புகள். பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. இரண்டு வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றி பில்ஜிலேயே விட்டுவிடுவார்கள். டேப்பின் பசை ஈரத்தில் விட்டுப்போகும். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து, மெல்லிய இழைகளுக்கு நடுவே ஊறி மேலே ஏறும். அப்படிப்பட்ட வயரை வெட்டிப் பாருங்கள்: வெளியுறை புதிதுபோல் இருக்கும், உள்ளே செம்பு கருத்துப் பொடியாக உதிரும். டேப் சுற்றிய இடத்தை வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தால் மட்டும் போதாது, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெள்ளீயம் பூசிய வயரும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்ட கிரிம்ப் கனெக்டரும் (வயரை நசுக்கிப் பிடிக்கும் இணைப்பான்) பயன்படுத்துங்கள். வெறும் சால்டரை நம்பாதீர்கள், அதிர்வில் அதன் விளிம்பில் இழைகள் முறியும். இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டி, வயரை இணைப்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு ஏற்றினால் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வயரின் தடிமனிலும் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியிலிருந்து பம்ப் 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர் வயர். 5 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் ஏறக்குறைய 1.1 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். வோல்ட் குறைந்தால் பம்ப் தள்ளும் தண்ணீரும் குறையும்.

ஃப்ளோட் சுவிட்சின் அடிப்பாகம் பம்பின் அடிப்பாகத்தைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது. இருந்தால் பம்புக்கு எட்டாத தண்ணீரில் ஃப்ளோட் மிதந்துகொண்டே இருக்கும், பம்ப் வெறுமனே ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும்.

முடித்த பிறகு ஃப்ளோட்டை விரலால் தூக்கி, சத்தம் கேட்டதும் சரி என்று எழுந்துவிடாதீர்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருந்தாலும் பல பம்புகள் தலைகீழாகச் சுற்றி அதே சத்தம் போடும், தண்ணீர் மட்டும் சரியாக ஏறாது. மெயினை அணைத்துவிட்டு பில்ஜில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பம்ப் தானாகக் கிளம்ப வேண்டும், ஹோஸில் தண்ணீர் வேகமாக வெளியே போக வேண்டும், வற்றியதும் தானாக நிற்க வேண்டும். ஓடும்போதே பம்புக்கு அருகிலுள்ள இணைப்பில் மல்டிமீட்டர் வைத்து, அதே நேரம் பேட்டரியில் காட்டும் வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏதோ ஓர் இணைப்போ வயரோ சரியில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை படகைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.