கேட்கிற ஆளைக் குறைத்தேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். எந்த முடிவுக்கும் மச்சானைக் கேட்பேன், பிறகு டீக்கடை அண்ணனை, பிறகு அம்மாவை. கடைசியில் யார் சத்தமாகச் சொன்னாரோ, அதுதான் என் முடிவு!

கலர் பிரிண்டர் வாங்க நினைத்தபோது இதை மாற்றினேன். யாரையும் கேட்கும் முன் என் முடிவையும் காரணத்தையும் நோட்டில் எழுதினேன். அடுத்து, 'ஒரு வருஷத்தில் இது ஊத்திக்கொண்டது, ஏன்?' என்று நடந்து முடிந்ததுபோலவே எழுதினேன். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-இல் கட்டுரையாக எழுதிய முறை இது. 'நஷ்டம் வருமா?' என்று கேட்டால் மனசு மழுப்பும். வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் காரணம் கொட்டுகிறது. எனக்கு வந்தது: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆனால் பிரிண்டர் தவணையை மட்டும் மாதாமாதம் கட்டியாக வேண்டும். பழைய மெஷின் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கினேன். மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டிசைனுக்கு வேறு வழி. விடியற்காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டு சில்வர் பீச்சில் நடப்பேன். முதலில் தோன்றும் மூன்று யோசனைகளை எழுதி அடித்துவிடுவேன். அவை எங்கேயோ பார்த்தவை. நான்காவதாக வந்ததுதான் தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட வலைக்கண்ணி பார்டர்.