செடி வைத்த தொட்டியில் பிளெகோ: இலை ஓட்டையாகாமல் வளர்ப்பது எப்படி?

வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கெளுத்தி வகை மீன்தான் பிளெகோ. செடித் தொட்டிக்கும் பிளெகோவுக்கும் ஆகாது என்று பலர் சொல்வார்கள். ஆகும். மீனைச் சரியாகத் தேர்ந்தெடுத்து இரவில் வயிறு நிறையப் போட்டால் இரண்டும் ஒரே தொட்டியில் அழகாக வளரும். என் தொட்டியில் அமேசான் ஸ்வார்டு என்ற அகல இலைச் செடியின் இலைகள் வலை மாதிரி ஆகி, அதைச் சரிசெய்த பிறகு எழுதுகிறேன்.

தொட்டியை சைக்கிள் செய்வது (மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை முதலில் வளர்ப்பது), குளோரின் போக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்காத புதுத் தொட்டியில் பிளெகோவை விடவே வேண்டாம்.

1. மீன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘சக்கர்’ என்றோ ‘டேங்க் கிளீனர்’ என்றோ கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் வகைக் குட்டி. விரல் நீளம்தான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது வளர்ந்தால் 30 செ.மீ. தாண்டும். அந்த உடம்பு வாலை ஒரு வீசு வீசினால் செடி வேரோடு மேலே வந்துவிடும். வீட்டுச் செடித் தொட்டிக்கு அது வேண்டாம்.

பிரிஸ்டல்நோஸ் என்ற சின்ன பிளெகோவைக் கேட்டு வாங்குங்கள். 12 செ.மீ. அளவில் வளர்ச்சி நின்றுவிடும். குட்டியில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முதுகுத் துடுப்பு உதவும். பாய் மாதிரி உயர்ந்து, பத்து அல்லது அதற்கு மேல் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) இருந்தால் அது பெரிதாகும் இனம். பிரிஸ்டல்நோஸுக்கு ஏழெட்டுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றையும் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் அந்த மீன் பல நாள் பட்டினி. வாங்காதீர்கள்.

எல் 046 ஸீப்ரா என்ற வரிக் கோடு பிளெகோ மேல் ஆசை வரும். பிரேசிலின் ஷிங்கு ஆற்று மீன் அது. பாசியை நம்பி வாழாது, புழு, இறால் மாதிரி உணவு கேட்கும். முதல் பிளெகோவாக அது வேண்டாம்.

2. தொட்டியும் கட்டையும்

ஒரு பிரிஸ்டல்நோஸுக்கு 80 லிட்டர் இருந்தால் நிம்மதி. சின்னத் தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் பொந்துக்காக அடித்துக்கொள்ளும். டிரிஃப்ட்வுட் (தொட்டியில் வைக்கும் மரக்கட்டை) கட்டாயம் வேண்டும், இரவு முழுக்க அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் பகலில் ஒளிய இடம் ஆயிற்று. கல், கட்டை எல்லாவற்றையும் முதலில் அடிக்கண்ணாடி மேல் உட்காரவைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் வைத்த கல், மீன் அடியில் தோண்டினால் சரியும்.

3. செடி

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் முதல் தேர்வு. தடித்த இலை, சீக்கிரம் சுரண்ட முடியாது. இவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கட்டையில் பருத்தி நூலால் கட்டுங்கள். எனக்கு நூலைவிட ஜெல் வகை சூப்பர் க்ளூதான் பிடிக்கும், ஒரு சொட்டுப் போதும். கிரிப்டோகரைன், வாலிஸ்னேரியா நடுவதானால் வேர் பிடித்த பிறகே மீனை விடுங்கள்.

4. இரவுச் சாப்பாடு

இலை ஓட்டையானால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் பழைய இலைகளில் ஊசிமுனை அளவு துளை விழும், ஓரம் மஞ்சளாகும். பிளெகோ சுரண்டிய இலை வேறு மாதிரி: பச்சை போய், நரம்பும் கண்ணாடி மாதிரி மெல்லிய தோலும் மட்டும் நிற்கும். சந்தேகம் இருந்தால் நள்ளிரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்வார்டு இலை அகலமானது, மீன் வசதியாக ஒட்டிக்கொள்ளலாம். முதலில் இலை மேல் படிந்த பாசியைத்தான் சுரண்டும். பாசி தீர்ந்து வயிறு காய்ந்தால் அதே இடத்தில் இலையையே சுரண்ட ஆரம்பிக்கும். தொட்டிப் பாசி மட்டும் போதும் என்ற நம்பிக்கைதான் செடியைக் கெடுக்கிறது.

விளக்கு அணைத்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். முன்னாடியே போட்டால் மற்ற மீன்கள் காலி செய்துவிடும். வெள்ளரி, சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் தின்னும். மருந்து அடித்த காயாக இருக்கலாம், அதனால் கழுவித் தோல் சீவுங்கள். வட்டமாக நறுக்கி, கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு ஆறவிட்டு, எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்கினால் மிதக்காது. காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கும். காய் இல்லாத நாளில் ஆல்கே வேஃபர் (பாசி கலந்த வில்லை உணவு) போடலாம். புதுக் காயை முதல் இரவே தொடவில்லை என்று கைவிடாதீர்கள், பழக நாளாகும். என் தொட்டியில் சுரைக்காய் வழக்கமான பிறகு வந்த ஸ்வார்டு இலைகள் முழுசாக நிற்கின்றன.

5. காற்று

இருட்டில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். செடிக்காக சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) விடுபவர்கள் விளக்கை அணைக்க ஒரு மணி நேரம் முன்னால் அதை நிறுத்துங்கள், இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் இன்னும் குறையும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பில் சின்ன ஃபேன் வீசினால் ஓரிரண்டு டிகிரி இறங்கும். பிளெகோ அடிக்கடி மேலே ஓடி வந்து காற்றைக் கவ்வினால் அது எச்சரிக்கை.

ஃபில்டர் பெரிதாகவே வையுங்கள், இந்த மீன் போடும் கழிவு மிக அதிகம். கேனிஸ்டரோடு (தொட்டிக்கு வெளியே வைக்கும் ஃபில்டர்) ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சேர்ப்பது என் பழக்கம். மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்பில் ஸ்பாஞ்ச் ஓடும்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தது

“ஆண் மீன் சிரட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை, நோயா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். உள்ளே ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துடுப்பால் விசிறிக் காவல் காக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போட்டு பிளெகோவை இழந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். செம்பு கலந்த மருந்துகளை இவை தாங்காது. போடும் முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பெரிதாகும் ‘சக்கர்’ மீனை ஏற்கெனவே வாங்கியவர்கள் ஏரியில் விடலாமா என்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும் ஆந்திரக் குளங்களிலும் இந்த மீன் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரையும் கெடுகிறது. கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுங்கள். பிடிக்க வலை வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் ஓரமாக ஒதுக்கி எடுங்கள். கொண்டுபோக மூடி போட்ட வாளிதான் நல்லது, பாலிதீன் பையை அந்த முள் குத்திக் கிழித்துவிடும்.