எபிரேய வசனத்துக்குப் புள்ளி வைப்பது எப்படி?

தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். எபிரேய விவிலியத்தில் எண் தேடும் விதத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே இங்கேயும் எழுதுகிறேன். மொழி தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டும் 73 சோழியும் போதும்.

முதலில் 22 எழுத்துகளையும் மதிப்போடு எழுதுங்கள். ஆலெஃப் 1, பேத் 2 என்று ஒன்பதாம் எழுத்து 9 வரை. பத்தாவதான யோத் 10. அங்கிருந்து பத்துப் பத்தாக 90 வரை. கடைசி நான்கும் 100, 200, 300, 400. மொத்தம் 1495 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ தப்பு. எழுத்தே எண்ணாக நிற்பது நமக்குப் புதிதில்லை. பழைய தமிழ்க் கணக்கில் ‘க’ ஒன்று, ‘உ’ இரண்டு, ‘ய’ பத்து என்றுதானே எழுதினோம்.

அப்புறம் தொடக்க நூல் 1:1, அதாவது விவிலியத்தின் முதல் வசனம். தமிழில் எண்ணிப் பயனில்லை, எபிரேய மூலம்தான் வேண்டும். 7 சொல், 28 எழுத்து. இரண்டாம் சொல் ‘பாரா’, படைத்தார் என்று பொருள். பேத் 2, ரேஷ் 200, ஆலெஃப் 1, ஆக 203. இப்படியே மற்றதும்: 913, 203, 86, 401, 395, 407, 296. கூட்டினால் 2701.

முதல் தடவை எனக்கு 4631 வந்தது. இரண்டு நாள் தலை சுற்றியது. சொல்லின் கடைசியில் வரும்போது ஐந்து எழுத்துகள் உருவம் மாறும்; அந்த உருவங்களுக்கு 500 முதல் 900 வரை தனி மதிப்பு தரும் முறையும் உண்டு. தெரியாமல் இரண்டையும் கலந்திருந்தேன். இந்தக் கணக்குக்குப் பழைய மதிப்பையே வையுங்கள்: மேம் எங்கே வந்தாலும் 40, த்சாதே 90.

2701 என்பது 37 பெருக்கல் 73. ஒன்றிலிருந்து 73 வரை கூட்டினாலும் அதே 2701. கடைசி இரண்டு சொல் மட்டும் 703. அது ஒன்றிலிருந்து 37 வரையான கூட்டுத்தொகை.

இனி சோழியை எடுங்கள். நாங்கள் கடல் உள்வாங்கிய நேரத்தில் ஈரமணலில் வைப்போம். கோலம் போடுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: 7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4-இல் நிறுத்தம். நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் அப்படியே. எண்ணுங்கள், 37. அறுகோணம் வந்துவிட்டது. ஆறு பக்கத்திலும் 3, 2, 1 என்று முக்கோணம் ஒட்டுங்கள். ஆறு ஆறு 36, மொத்தம் 73. மணலில் ஆறு முனை நட்சத்திரம்! பெருக்கினால் வசனத்தின் 2701-ஐத் தரும் இரண்டு எண்ணும், ஒன்றுக்குள் ஒன்றாக, வாசலில் போடும் கோலமாகவே நின்றன. அன்று நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வசனத்தை எழுதியவர் இதை நினைத்துத்தான் வைத்தாரா? கணக்கு உண்மை, நோக்கம் என்னவென்று கணக்கால் நிரூபிக்க முடியாது. ஆகவே நோட்டில் இரண்டு பக்கம் வையுங்கள். திட்டமிட்டது என்று துணிந்து சொல்லக்கூடியவை ஒரு பக்கம். திருப்பாடல் 119 அப்படி: 22 எழுத்துக்கும் எட்டெட்டு வசனம், ஒவ்வொரு எட்டும் தன் எழுத்திலேயே தொடங்கும், மொத்தம் 176. நீதிமொழிகள் 31-இல் 10 முதல் 31 வரையும் அகர வரிசைதான். 2701 போன்றவை அடுத்த பக்கம்.

சரி, அடுத்து 1:2-ஐ அதே அட்டவணையில் கூட்டுங்கள். கோலத்துக்குள் அடங்காத எண் வந்தாலும் அழிக்காமல் 2701-க்குக் கீழேயே எழுதிவையுங்கள்.