பழைய செங்கல் வீட்டில் இன்சுலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வீடுகளில் பல 1920-க்கு முன் கட்டியவை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். நடுவில் இடைவெளி கிடையாது. வெளியே நின்று பாருங்கள். நீளக் கல்லும் குட்டைக் கல்லும் மாறி மாறித் தெரிந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். குளிர்காலத்தில் இதன் உட்புறம் சில்லென்றிருக்கும். அறைக்காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், 12 டிகிரிக்குக் கீழே போகும் எந்த இடமும் வேர்க்கத் தொடங்கும். அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான்.

உடனே பில்டரைக் கூப்பிட்டு உள்ளே இன்சுலேஷன் போர்டு (சூடு வெளியேறாமல் தடுக்கும் பலகை) ஒட்டச் சொல்வதுதான் பெரிய தவறு. முதலில் பீலி (கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்கால்) உடைந்திருக்கிறதா, மழைக்குழாய் ஒழுகுகிறதா, சுவரடியில் மண் ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இதுவரை அறையின் சூடுதான் அந்தச் சுவரைக் கொஞ்சமாவது காயவைத்தது. இன்சுலேஷன் போட்டதும் செங்கல் இன்னும் குளிரும், நனைந்தால் காயவும் நாளாகும். மேல்மாடித் தரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனைகள் அந்தச் செங்கலுக்குள்தான் செருகியிருக்கும். அவை அழுகினால் கண்ணுக்குத் தெரிய வருடங்கள் ஆகும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அந்தக் காலச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை; ஈரத்தை வாங்கி, திருப்பி விட்டுவிடும். வெளியே சிமெண்ட் பூசினால், சிறு விரிசல் வழியே போன மழைநீர் உள்ளேயே தங்கிவிடும். உள்ளே பலகைக்கும் செங்கலுக்கும் நடுவே சந்து விட்டாலும் ஆபத்துதான்: அறைக்காற்று பின்னால் புகுந்து குளிர்ந்த கல்லில் நீராகும். சுவரோடு ஒட்டிய மரநார்ப் பலகை, மேலே சுண்ணாம்புப் பூச்சு என்பதே என் தேர்வு. காசு கூடத்தான். ஜன்னல் ஓரங்களுக்கும் மெல்லிய பலகையாவது வையுங்கள். விட்டால் பூஞ்சணம் அங்கே குடிபோகும்.

"அரசாங்கத் திட்டம், இலவசம்" என்று கதவைத் தட்டுபவர்களிடமும் கவனம். அரசுத் திட்டங்களில் வெளிப்புற இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்த வேண்டிய பெரும் குறைகள் இருப்பதாக பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது.

அடுத்து நம் குசினி. புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில், கரி வடிகட்டி வழியே காற்றை உள்ளேயே திருப்பிவிடும் ஹூட் (அடுப்புக்கு மேலே காற்றை இழுக்கும் கருவி) மணத்தைத்தான் குறைக்கும். ஆவி வீட்டுக்குள்ளேயே நிற்கும். குழாய் வைத்து வெளியே தள்ளும் ஹூட்தான் வேண்டும். இங்கிலாந்துக் கட்டட விதிப்படி, தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபேன் என்றால் அடுப்புக்கு மேலே வினாடிக்கு 30 லீட்டர், குளியலறையில் 15 லீட்டர் காற்றை இழுக்க வேண்டும். ஹோலில் மட்டும் ஹீட்டிங் போட்டு, படுக்கையறையைக் குளிரவிட்டு, இடையிலுள்ள கதவைத் திறந்து வைக்காதீர்கள். அத்தனை ஈரமும் அங்கே போய்த்தான் படியும்.