ஃபாரோ இலக்கியம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வட அட்லாண்டிக்கில் டென்மார்க் அரசின்கீழ் தன்னாட்சி பெற்ற ஃபாரோ தீவுகளின் நவீன இலக்கியத்தைப் படிக்கும்போது எழுத்தாளர்களை மொழிவாரியாகப் பிரித்துவிடாதீர்கள். 1900-இல் பிறந்த வில்லியம் ஹைனெசென் டேனிஷில் எழுதினார். அடுத்த ஆண்டு பிறந்த ஹேயின் ப்ரூ ஃபாரோ மொழியில் எழுதினார். இருவரையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் அந்தத் தலைமுறை முழுமையாகப் பிடிபடும்.

ஃபாரோ மொழியைக் கற்க, முதலில் கண்ணை நம்புங்கள், காதைப் பிறகு பழக்கலாம். 1846-இல் ஃபாரோ மொழியறிஞர் ஹாமர்ஷைம்ப் வகுத்த எழுத்துமுறை, ஃபாரோ, ஐஸ்லாந்து மொழிகளின் தாயான பழைய நோர்ஸ் மொழியின் சொல்வடிவங்களை ஒட்டியது. ‘ஹேயின்’ (Heðin) என்ற பெயரையே பாருங்கள்: நடுவில், நம் ‘அது’வில் வரும் மெல்லிய ‘த’ ஒலிக்குரிய ð என்ற எழுத்து நிற்கிறது, ஆனால் அந்த ஒலி வாயில் வருவதில்லை. எனவே ஐஸ்லாந்து மொழி ஓரளவு தெரிந்தவர்களுக்கு, பேச்சு புரியாதபோதும் அச்சுப் பக்கம் வெகு விரைவில் வசப்படும். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு.