படிப்பைத் தேடுமுன் வேலையைத் தேடுங்கள்: வாழ்க்கைத்தொழில் திட்டம் போடும் முறை

வாழ்க்கைத்தொழில் திட்டம் என்றதும் பலரும் முதலில் சிங்கப்பூர் அரசின் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் தளத்தைத் திறந்து, கணக்கில் இருக்கும் தொகைக்கு எந்தப் பாடம் கிடைக்கும் என்று பார்க்கிறார்கள். திட்டம் தடம் மாறுவது அங்கேதான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அது எந்த வேலைக்கு உதவும் என்று யோசித்தால் காலம் தாழ்ந்திருக்கும். எந்த வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாடம் கடைசியில் வரட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. துவாஸ் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர், வயது 44, சம்பளம் 3,600 வெள்ளி. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே கொள்கலன்களை ஓட்டுநரில்லா வாகனங்கள் இழுக்கின்றன. அதை ஒட்டிய கிடங்கு வேலைகளும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்பவையாக மாறி வருகின்றன. இவர் குறிவைப்பது சரக்கிருப்புத் திட்டமிடுபவர், அதாவது ‘இன்வென்டரி பிளானர்’ வேலை.

அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் அந்தப் பெயரில் வந்த 20 விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள வரம்பு அதிலேயே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளம்பரமும் கேட்கும் திறன்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். 15 கோட்டுக்கு மேல் விழுந்தது கட்டாயத் தேவை. ஐந்துக்குக் கீழ் உள்ளதை இப்போதைக்கு விட்டுவிடலாம். பிறகு ஒவ்வொரு திறனுக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: சான்றோடு இருக்கிறது, இருக்கிறது ஆனால் சான்றில்லை, இல்லை.

நடுவில் உள்ள வகையைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள். நம் மேற்பார்வையாளர் மாதந்தோறும் சரக்குக் கணக்கெடுப்பு நடத்துகிறார், ஆனால் தன்குறிப்பில் ‘கிடங்கைக் கவனித்துக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். எத்தனை வகைப் பொருள்கள், கணக்குக்கும் கையிருப்புக்கும் எவ்வளவு வேறுபாடு, அதை எவ்வளவு குறைத்தார் என்று எண்களோடு எழுதினால் அந்த வரியே சான்றாகிவிடும். அதற்கு வகுப்பு தேவையில்லை, ஒரு மாலைப்பொழுது போதும். ‘இல்லை’ என்று எழுதியவற்றுக்கு மட்டும் பாடம் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

அடுத்தது பணம். 25 வயது எட்டிய குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி உண்டு. 40 வயது எட்டியவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி, ஆனால் அதைத் தெரிவுசெய்யப்பட்ட பாடங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். நிரந்தரவாசிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை என்றாலும் பல பாடங்களுக்குக் கட்டண மானியம் கிடைக்கும். கணக்கிலுள்ள தொகையைப் பயன்படுத்தும் விண்ணப்பத்தைப் பாடம் தொடங்குவதற்கு முந்தைய 60 நாள்களுக்குள், தாமதமானால் தொடங்கும் நாளுக்குள், போட்டுவிட வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த பிறகு நினைவு வந்தால் தொகை கிடைக்காது. உங்கள் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) மூலம் கணக்கிலிருந்து ரொக்கம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். அது மோசடி, நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலையை விட்டு முழுநேரம் படிக்க நினைக்கும் 40 வயது எட்டிய குடிமக்களுக்குப் பயிற்சிப் படித்தொகை உண்டு. கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். இதற்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கடனை மத்திய சேமநிதியின் (மசேநி) சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுபவர்கள் ஒரு கணக்கைத் தவறாமல் போட்டுப் பார்க்க வேண்டும். 35 வயதுக்கு மேல் 45 வரை சம்பளத்தில் 21 விழுக்காடு அந்தக் கணக்குக்குப் போகிறது. 45 வயதைத் தாண்டினால் 50 வரை அது 19 விழுக்காடு. 3,600 வெள்ளிச் சம்பளத்தில் இப்போது 756 வெள்ளி சேர்கிறது. புதிய துறையில் 3,000 வெள்ளிக்கு நுழைந்தால் அது 630 ஆகும், 45 தாண்டியதும் 570. மாதத் தவணை 700 என்றால் மிச்சம் கைக்காசிலிருந்து போக வேண்டும். ‘சம்பளம் 600 வெள்ளிதானே குறைகிறது, சமாளித்துவிடலாம்’ என்று கிளம்பியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாறுவதற்கு முன் ஆறு மாதச் செலவைத் தனியே சேர்த்து வைப்பது பாதுகாப்பு.

தனியாகச் செய்ய மலைப்பாக இருந்தால், ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் பெயர் தாங்கிய கட்டடத்தில் உள்ள தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் (என்டியுசி) வேலைவாய்ப்பு உதவி அமைப்பான இ-டூ-ஐ நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கலாம். கோடு போட்ட நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

இனி முதலாளிகளுக்கு. ஊழியரின் வாழ்க்கைத்தொழில் பற்றிய பேச்சைப் போனஸ் பேச்சோடு கலக்காதீர்கள். பணம் மேசையில் இருக்கும்போது யாரும் தன் குறையைச் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மாதமாவது விட்டு, 45 நிமிடம் ஒதுக்குங்கள். இப்போதைய வேலையில் எது தேங்கிப்போயிருக்கிறது, இரண்டு ஆண்டில் எந்த வேலையில் இருக்க விருப்பம், அதற்கு நிறுவனம் எதைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுதி இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஊழியர் பெயர்கள், மேலே வேலைகள். தெரியாது என்றால் 0, உதவியோடு செய்வார் 1, தனியே செய்வார் 2, பிறருக்குக் கற்றுத்தருவார் 3. எந்த வேலையின் பத்தியில் 2-உம் 3-உம் ஒரே ஒருவருக்குத்தான் விழுந்திருக்கிறதோ, அவர் ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் போனால் அந்த வேலை நின்றுவிடும். முதல் பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும். மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு அரைநாள் பக்கத்து வேலையைப் பழக விட்டால் 0-வை 1-ஆகவோ 2-ஆகவோ மாற்றிவிடலாம்.

இது முறிவது பெரும்பாலும் நடுநிலை மேலாளரிடத்தில். தன் குழுவின் சிறந்த ஆளை அனுப்ப அவருக்கு மனம் வராது. அந்த அரைநாள்களைப் பணி அட்டவணையிலேயே எழுதி, அவருடைய வேலை இலக்கையும் அதற்கேற்பக் குறைத்தால்தான் ஆள் வெளியே வருவார். ஊழியர் பாடம் முடித்துத் திரும்பியதும் பழைய வேலையையே கொடுப்பது இன்னொரு தவறு. நான்கு வாரத்துக்குள் அந்தத் திறனைப் பயன்படுத்தும் ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். கொடுக்க வேலை இல்லையென்றால் அந்தப் பாடத்துக்கு அவரை அனுப்பியிருக்கவே கூடாது.

மூத்த ஊழியர்களுக்கு நாள்காட்டி முக்கியம். ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64, மறுவேலைநியமன வயது, அதாவது தகுதியுள்ள ஊழியருக்கு முதலாளி தொடர்ந்து வேலை தர முன்வர வேண்டிய வயது, 69. ஓய்வு வயதை எட்டுவதற்கு ஆறு மாதம் முன்பாவது பேச்சைத் தொடங்கி, மூன்று மாதம் முன்பாவது ஒப்பந்தத்தைக் கையில் கொடுக்கும்படி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகியவற்றின் முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. ஆறு மாதம் முன்பு முதன்முறையாகப் பேசினால், வேலையை மாற்றியமைக்கவோ இலகுவாக்கவோ நேரம் போதாது. 55 வயதிலேயே ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். முழங்கால் வலிக்கிறது, இரவு ஷிஃப்ட் முடியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும், அப்போது வேறு வேலைக்குப் பழக்க ஒன்பது ஆண்டு கையில் இருக்கும்.